ஐந்தாம் தடத்தில் மார்கரித்

மார்கரித் மொந்தாஞ் என்கிறவள் ஆற்றில் விழுவதைப் பார்ப்பதற்கென்றே முதல் வாரம் சம்பான் படகுக்காரிகள் துடுப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். விடிகிற நேரத்தில் சைகோன் ஆற்றங்கரையில் இருந்த படகு க்ளப்பின் துறையில் ஒரு கறுத்த பெண் வந்து நிற்பாள். நீளமாக, ஊசி மாதிரி ஒடுங்கிய ஒரு படகைத் தண்ணீரில் இறக்குவாள். அதில் உட்காருவாள். உட்கார்ந்த மாத்திரத்தில் படகு ஒரு பக்கம் சாயும், அவள் தண்ணீருக்குள் போய்விடுவாள். வாழைத்தாரும் வாத்து முட்டையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"ஏய் சா-வா பொண்ணு, குளிக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு நீளப் படகு?" என்று ஒருத்தி கேட்டாள். சா-வா என்பது அந்த ஊரில் இந்தியர்களைக் குறிக்கிற சொல். மரியாதைக்காகச் சொல்வதில்லை.

மார்கரித் முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்தெறிந்தாள். "நான் எங்க குளிக்கறேன்? படகைக் குளிப்பாட்டறேன் அக்கா," என்றாள் அவர்கள் மொழியிலேயே. மறுபடி ஏறினாள். மறுபடி விழுந்தாள்.

அது 1962. அவளுக்குப் பதினெட்டு வயது. படகு அவளுடையது அல்ல. க்ளப்பும் அவளுடையது அல்ல. அவள் அங்கே டைப்பிஸ்ட்.

மொந்தாஞ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதை வைத்துத்தான். அவளுடைய தாத்தா புதுச்சேரியில் மலையப்பன் என்ற பெயரில் பிறந்தவர். பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரனுக்கு உள்ள உரிமை கிடைக்கும், ஆனால் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். மலையப்பனில் மலை இருக்கிறதே என்று, மலைக்கு பிரெஞ்சில் உள்ள சொல்லையே ஒரு குமாஸ்தா எழுதிக் கொடுத்தார். அன்றோடு மலையப்பன் மொந்தாஞ் ஆனார். அந்தப் பெயரோடு கப்பலேறி, சைகோன் கருவூலத்தில் காவல் வேலைக்கு வந்தார். அவருடைய மகன் அந்துவான் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு ஒரு கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்த்தார். தான் டா என்ற ஆற்றோர ஊரைச் சேர்ந்த வியத்நாமியப் பெண்ணான லானை அவர் கட்டிக்கொண்டார். அவர்களுக்கு ஒரே மகள் மார்கரித். அப்பாவோடு தமிழ், அம்மாவோடு வியத்நாம் மொழி, கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பிரெஞ்சு. மூன்று மொழியிலும் அவளுக்கு வாய் நீளம் என்றுதான் பேர்.

படகின் கதை வேறு. சிமெண்டு வேலைக்கு வந்த ஒரு டென்மார்க்காரர் தன் ஊரிலிருந்து அந்தப் பந்தயக் கயாக்கைக் கொண்டுவந்திருந்தார். மெல்லிய மரப்பலகையை வளைத்துச் செய்தது. ஒருவர் மட்டும் உட்காரலாம். இரண்டு முனையிலும் அலகு வைத்த ஒற்றைத் துடுப்பு, திருப்புவதற்குக் காலடியில் ஒரு கட்டை. ஊருக்குத் திரும்பும்போது அதைக் கொண்டுபோக அவருக்கு மனமில்லை. பிரிவு விருந்தில், "நனையாமல் அக்கரைக்குப் போய்த் திரும்புகிறவர் எவரோ, படகு அவருக்கு," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அடுத்த ஞாயிறு க்ளப் உறுப்பினர்களில் பத்துப் பேருக்கு மேல் முயன்றார்கள். அத்தனை பேரும் நனைந்தார்கள். பிறகு படகை உத்தரத்தில் ஏற்றிக் கட்டினார்கள். ஒரு வருடம் சிலந்திதான் அதில் குடியிருந்தது.

டைப் அடித்துக்கொண்டே மார்கரித் அண்ணாந்து அதைப் பார்ப்பாள். என்ன பிடித்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மற்ற படகெல்லாம் சும்மா நின்றுகொண்டிருக்கும்போது இது மட்டும் கிளம்பத் தயாராக இருக்கிற மாதிரி இருந்தது. ஒருநாள் காவலாளிக்கு ஒரு பாக்கெட் சிகரெட் கொடுத்து இறக்கினாள்.

மூன்றாவது வாரம் அவள் விழவில்லை. விழாமல் இருக்கிற சூட்சுமம் இடுப்பில் இருக்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். படகு சாயும்போது பயந்து விறைத்தால் தள்ளிவிடும். இடுப்பை அதன் போக்கில் விட்டுத் துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தால் தாங்கும். நிறுத்தினால்தான் ஆபத்து. சம்பான்காரிகள் சிரிப்பதை விட்டுவிட்டு வழி விட ஆரம்பித்தார்கள்.

விஷயம் க்ளப் செயலாளர் பெலாருக்குப் போயிற்று. ரப்பர் தோட்டம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர். அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"மத்மொசேல், ஊழியர்கள் க்ளப் படகைத் தொடக் கூடாது. தெரியும் அல்லவா?"

"தெரியும் மிஸ்யே. அது க்ளப் படகு இல்லை."

"பிறகு யாருடையது?"

"இன்னும் யாருடையதும் இல்லை. நனையாமல் போய்த் திரும்புகிறவருக்கு என்று அவர் சொன்னபோது பானம் ஊற்றிக் கொடுத்தது நான். பெண் கூடாது, டைப்பிஸ்ட் கூடாது என்று அவர் சொல்லவில்லை."

பெலாருக்குச் சிரிப்பு வந்தது. அன்று சனிக்கிழமை, வராந்தாவில் உறுப்பினர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு வேடிக்கை ஆகட்டும் என்று நினைத்தார். "இப்போதே போய்க் காட்டு. விழுந்தால் உன் ராஜினாமாவை நீயே டைப் அடித்துக் கொடு," என்றார்.

மார்கரித் அலுவலகப் பாவாடையோடு படகில் உட்கார்ந்தாள். துறையிலிருந்து கிளம்பியதும் ஒரு சரக்குக் கப்பலின் அலை வந்து அடித்தது. வராந்தாவில் ஒரு கை தட்டல் கேட்டது, விழுந்துவிட்டாள் என்று. அவள் விழவில்லை. ஆகாயத் தாமரைக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, அக்கரையில் இருந்த து தியெம் துறையைத் துடுப்பு முனையால் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பாவாடை ஓரம் மட்டும் ஈரம். அதைக் காட்டி ஒருவர் நனைந்துவிட்டது என்று வாதாடப் பார்த்தார். அவருடைய மனைவியே அவரை அடக்கினாள்.

பெலார் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். "படகு உன்னுடையது. எடுத்துக்கொள். திங்கட்கிழமையிலிருந்து உன் நாற்காலி வேறொருத்திக்கு," என்றார்.

"நல்ல பேரம் மிஸ்யே," என்றாள் அவள். படகை அங்கே விட்டுவைக்கவில்லை. அதிலேயே உட்கார்ந்து ஆற்றுவழியாகத் தான் டாவுக்குப் போய், அம்மாவின் தங்கை வீட்டுக்கு அடியில் கட்டினாள். அந்தப் பக்கத்தில் பிறந்த வரிசை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சித்தி எல்லோருக்கும் ஏழாம் சித்தி. ஆற்றுக்குள் கால் நட்டு நின்ற அவளுடைய மரவீட்டுக்கு அடியில் படகுக்கு நல்ல நிழல்.

அப்பாவுக்கு இதை ஜீரணிக்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "ஒரு படகுக்காக உத்தியோகத்த விட்டவள நான் இப்பத்தான் பாக்கறேன்," என்றார்.

"நான் விடல பப்பா. அவங்கதான் விட்டாங்க."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

அம்மாவின் கவலை வேறு. லான் தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் பேசுவாள், ஆனால் முக்கியமானதை எல்லாம் தமிழில்தான் சொல்வாள், கணவருக்கும் கேட்கட்டும் என்று. "வெயில் போகாதே. உங்க அப்பா குடுத்த கறுப்பு போதும்," என்றாள்.

"போதாதும்மா. இன்னும் கொஞ்சம் வேணும்," என்றாள் மார்கரித்.

ஒரு கப்பல் ஏஜெண்டிடம் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. விடிவதற்குள் சைக்கிளில் தான் டாவுக்கு, அங்கே தண்ணீரில் ஒன்றரை மணி நேரம், பிறகு குளித்து உடை மாற்றி அலுவலகம். சைகோன் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஆறு. ஏற்றத்தின்போது எதிரே போவாள், வற்றும்போதும் எதிரே போவாள். ஆற்றோடு போவதை அவள் பயிற்சி என்று ஒப்புக்கொள்ளவில்லை. சட்டையெல்லாம் தோளில் பிய்ந்தது. அதைத் தைத்துக் கொடுத்தவள் ரஹ்மத் நிஷா. மசூதிக்குப் பக்கத்துத் தெருவில் துணிக்கடை வைத்திருந்த காரைக்கால்காரர் மகள், பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"இன்னும் எவ்வளவு புள்ளே வளரும் இந்தத் தோளு? துணி எனக்குச் சும்மாவா வருது?" என்பாள் நிஷா, வாயில் ஊசியை வைத்துக்கொண்டே.

அறுபத்து மூன்றின் கடைசியில் ஆட்சி கவிழ்ந்தது. ஊரில் எல்லா நாற்காலிகளிலும் ஆள் மாறியபோது படகு க்ளப்பிலும் மாறினார்கள். பெலார் பிரான்சுக்குப் போனார். கர்னல் தாக் என்பவர் தலைவரானார். புதிய நிர்வாகம் தன் பெருமைக்காக ஒரு ஆற்றுப் பந்தயம் அறிவித்தது. சொந்தப் படகு உள்ள எவரும் கலந்துகொள்ளலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. ஆண்கள் என்று போடவில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மார்கரித் பெயர் கொடுத்தாள். எட்டுப் படகுகளில் இரண்டாவதாக வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த ஆறு பேரில் ஒருவர் கர்னலின் மைத்துனர்.

மறு வருடம் விளம்பரத்தில் 'ஆண்கள் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மார்கரித் அதைக் கத்தரித்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினாள். தான் வாங்கிய முதல் கோப்பை அதுதான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

உள்ளூரில் பந்தயம் இல்லை என்றால் வெளியூரில் இருக்கும். அறுபத்தாறில் ஜப்பானில் ஒரு ஏரியில் நடக்கிற அழைப்புப் போட்டிக்கு அணி அனுப்புவது என்று விளையாட்டு அலுவலகம் முடிவு செய்தது. பெண்களுக்கு ஐந்நூறு மீட்டர் தனிக் கயாக். தான் டாவில் தேர்வு வைத்தார்கள். வந்தவர்கள் நாலு பேர். இரண்டு பேர் கிளம்பும் இடத்திலேயே கவிழ்ந்தார்கள். மூன்றாமவள் முக்கால் தூரத்தில் இருக்கும்போது மார்கரித் முடித்துவிட்டுக் கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே காங் என்ற அதிகாரி இருந்தார். நல்ல உடை, நல்ல பிரெஞ்சு, குரலை உயர்த்தாத மனிதர். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"உங்கள் அம்மா இந்த மண்ணின் பெண். அதனால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. நட்புப் போட்டிதான், குடியுரிமை எல்லாம் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு சின்ன விஷயம். வியத்நாம் சார்பில் போகிறவளுக்கு பிரெஞ்சுப் பெயர் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பிரெஞ்சுக்காரனை அனுப்பிவிட்டு அவன் பெயரை வைத்திருக்கிறோம் என்பார்கள்."

"அவன் பெயர் இல்லை ஐயா. எங்க தாத்தா பெயர்."

"தெரியும். விசாரித்தேன்." காங் புன்னகை செய்தார். "மொந்தாஞ் என்றால் மலை. எங்கள் மொழியில் சோன். நுயென் தி சோன் என்று போட்டுவிடலாம். பொருள் மாறவில்லை பாருங்கள். உங்கள் தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார்."

மார்கரித் தேநீரைக் கீழே வைத்தாள். அவர் கெட்டவர் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு அதிகக் கோபத்தைக் கொடுத்தது. இப்படித்தான் அந்தப் புதுச்சேரிக் குமாஸ்தாவும் நல்ல முகத்தோடு பொருள் மாறவில்லை என்று சொல்லியிருப்பான்.

"எங்க தாத்தா ஒருதடவை மாத்திக்கிட்டார் ஐயா. ஒரு குடும்பத்துக்கு அது போதும்."

"அது கடன் வாங்கிய பெயர்தானே?"

"இருக்கட்டும். அந்தப் பெயரில்தான் ஞானஸ்நானம் வாங்கினேன். அந்தப் பெயரில்தான் ஆற்றில் விழுந்தேன், வேலை போச்சு, கர்னல் மைத்துனரை ஜெயிச்சேன். இதெல்லாம் சோன் செய்யலை. சோன் யாருன்னே எனக்குத் தெரியாது."

"அப்படியானால் போக முடியாமல் போகலாம்."

"அப்ப வேற யாரையாவது அனுப்புங்க. கவிழாத ஆளா பார்த்து அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.  நாலு வருடம் எதற்காக எதிர்நீரில் தள்ளினாளோ அதை ஒரு நிமிடத்தில் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் திரும்பிப் போகத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து விமான டிக்கெட் வந்தது. அவளுடைய பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் இருந்த அதே பெயரில். பெயரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா கூட, "பாத்தியா, நேராப் பேசினா ஒத்துக்குவாங்க," என்றார். நிஷாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

"அந்த மனுசன் பேசாம இருக்கறது நல்லதுக்கில்ல புள்ளே. எதுக்கும் முதுகுல எழுதிக்கிட்டுப் போ," என்றாள். போட்டிச் சட்டை ஒன்றைத் தைத்து, முதுகில் மஞ்சள் நூலால் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை மொந்தாஞ் என்று பெரிய பிரெஞ்சு எழுத்தில் பூவேலை செய்து கொடுத்தாள். "எடம் நெறையக் கெடக்கு உன் முதுகுல. இன்னும் ரெண்டெழுத்துக்குக் கூடப் பத்தும்."

டான் சோன் நாட் விமான நிலையத்திலிருந்து கிளம்பினார்கள். அணியில் ஆண்கள் ஐந்து பேர், பெண் அவள் ஒருத்தி, மேலாளர் காங். ஏரி மலைகளுக்கு நடுவே இருந்தது. அவ்வளவு குளிரை அவள் பார்த்ததில்லை. படகு போட்டி நடத்துகிறவர்களே கொடுத்தார்கள், அவளுடையதை விடப் புதிது, இன்னும் வழுக்கல். முதல்நாள் ஒத்திகையில் ஒருமுறை விழுந்தாள். பல் கிட்டியது. காங் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினார். அப்போதும் பெயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

போட்டி நாள் காலை அறிவிப்புப் பலகையில் பார்த்தாள். ஐந்தாம் தடம், வியத்நாம், நுயென் தி சோன்.

காங்கைத் தேடினாள். அவர் கரையில் விருந்தாளிகளோடு நின்றுகொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் விலகி வந்து, "இப்போது எதுவும் செய்வதற்கில்லை. அச்சாகிவிட்டது. போய் நன்றாக ஓட்டுங்கள், எல்லாம் மறந்துவிடும்," என்று மெதுவாகச் சொன்னார்.

 அவள் மேலே போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுத் துறைக்கு நடந்தாள்.

ஒன்பது படகுகள். ஒவ்வொன்றின் வாலையும் மிதவை மேடையில் குப்புறப் படுத்த ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார். கிளம்பச் சொல்கிறவர் ஒரு வயதான ஜப்பானியர், சின்னப் படகில் நின்றபடி ஒலிபெருக்கியில் பெயர்களைப் படித்தார். பெயர் படிக்கப்பட்டவள் துடுப்பைத் தூக்கிக் காட்ட வேண்டும். நாலாம் தடம் ஆயிற்று.

"ஐந்தாம் தடம். நுயென் தி சோன்."

மார்கரித் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

மறுபடி படித்தார். அவள் அசையவில்லை. பக்கத்துத் தடத்து ஜப்பானியப் பெண் இவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று கை காட்டினாள். கரையில் காங் நிற்பது தெரிந்தது. அவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "கையைத் தூக்குங்கள்! விலக்கிவிடுவார்கள்!"

விலக்கிவிடலாம் என்பது அவளுக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்து ஒரு துடுப்பு கூடப் போடாமல் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.  இருந்தாலும் கையைத் தூக்கினால் இனி ஆயுசுக்கும் அந்த சோன் என்கிறவள்தான் ஓட்டுவாள், தான் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

கிழவர் படகை அருகே கொண்டுவரச் செய்தார். கையிலிருந்த தாளைக் காட்டினார். மார்கரித் தலையை ஆட்டி மறுத்தாள். அவருக்கு பிரெஞ்சு தெரியவில்லை, அவளுக்கு ஜப்பானிய மொழி தெரியவில்லை. அவள் இடுப்பை மெல்லத் திருப்பி முதுகைக் காட்டினாள். அந்த வழுக்குப் படகில் அப்படித் திரும்புவது சாதாரணம் இல்லை. படகு ஒருகணம் ஆடியது. மேடையில் படுத்திருந்தவர் வாலை இறுக்கிப் பிடித்தார்.

கிழவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "மோன்... தா... கு... னே?"

"மொந்தாஞ்," என்றாள்.

"மொன்தான்யு," என்றார் அவர், பாடம் சொல்கிறவர் மாதிரி. அவள் தலையசைத்தாள். அவர் தன் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மற்ற எட்டுப் பெண்கள் குளிரில் விறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பென்சிலை எடுத்துத் தாளில் எதையோ அடித்து எதையோ எழுதினார். பின்வாங்கிப் போய் ஒலிபெருக்கியை வாயில் வைத்தார்.

"ஐந்தாம் தடம். மொன்தான்யு."

மார்கரித் துடுப்பைத் தூக்கினாள்.

வெடி கேட்டதும் அவள் போன வேகம் அவளுக்கே புதிதாக இருந்தது. எதிர்நீரில் பழகிய உடம்புக்கு எதிர்ப்பே இல்லாத தண்ணீர் கிடைத்தால் எப்படி இருக்கும்? படகு தூக்கிக்கொண்டு போயிற்று. காலை உதைத்து, இடுப்பைத் திருப்பி, ஒவ்வொரு இழுப்பிலும் நீர் பின்னால் போகிற சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பாதித் தூரம் வரை முன்னால் யாரும் இல்லை. அவளுக்கு யாரும் சொல்லித்தராத ஒன்று அங்கேதான் இருந்தது. ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது. முக்கால் தூரத்தில் கை ஈரத் துணி மாதிரி கனத்தது. வலப்பக்கம் ஒருத்தி கடந்தாள். பிறகு இன்னொருத்தி. கடைசியில் நாலாம் தடத்து ஜப்பானியப் பெண் அவளோடு ஒட்டிக்கொண்டே வந்து, கோட்டில் ஒரு சாண் முந்தினாள்.

நாலாவது இடம். மூன்று பேருக்குத்தான் மேடை.

படகிலிருந்து இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தவளிடம் காங் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "மூன்றாவதாக வந்திருந்தாலாவது உங்களுக்காகப் பேச எனக்கு ஒரு வாய் இருந்திருக்கும்," என்றார்.

"நாலாவதா வந்தவளுக்கும் வாய் இருக்கு ஐயா. நானே பேசிக்கறேன்."

பேசுவதற்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. சைகோன் திரும்பியதும் நாட்டுக்கு அவமானம் தேடித் தந்ததாக இரண்டு வருடம் தடை விதித்தார்கள். அதோடு, நுயென் தி சோன் நாலாம் இடம் என்று ஒரு பத்திரிகை செய்தி போட்டது. மார்கரித் அந்த அலுவலகத்துக்கே போனாள். ஆசிரியர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். வரும்வரை இருக்கிறேன் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பத்திரிகையில் தலைவலித் தைல விளம்பரத்துக்கு அடியில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. அப்பா அந்தப் பத்திரிகையில் பத்துப் பிரதி வாங்கிவந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

தடைக்காலத்தில்தான் ஒரு பெண் பார்க்கும் படலமும் நடந்தது. மாப்பிள்ளை புதுச்சேரிக் குடும்பம், பிரெஞ்சு வங்கியில் வேலை. அவருடைய அம்மா காபியைக் குடித்துக்கொண்டே மார்கரித்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"தோளு ஆம்பள மாதிரி இருக்கே."

"ஆமா தாந்த். சட்டைக்கு அரை மீட்டர் கூட வேணும்." அந்த வீடுகளில் அத்தையை பிரெஞ்சில் தாந்த் என்பார்கள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் படகெல்லாம் வேணாம், என்ன?"

"அப்ப கல்யாணம் வேணாம் தாந்த்," என்றாள் மார்கரித். வங்கிக்காரர் காபியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவர்கள் போன பிறகு லான் கதவைச் சாத்திவிட்டு வந்து, "காபி நல்ல காபி. வீணாப் போச்சு," என்று மட்டும் சொன்னாள்.

அறுபத்தெட்டில் தேத் என்கிற புத்தாண்டுப் பண்டிகையின்போது வடக்கோடு நடந்த போர் ஊருக்குள்ளேயே வந்தது. ஆற்றில் தனிப் படகு போகத் தடை. ஒருநாள் பொறுக்க முடியாமல் மார்கரித் கிளம்பினாள். கடற்படைக் காவல் படகிலிருந்து ஒரு தோட்டா அவளுக்கு முன்னால் தண்ணீரில் விழுந்தது. அவள் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, படகை நிறுத்தினால் கவிழ்ந்துவிடும், துடுப்புப் போட அனுமதி கொடுங்கள் என்று கத்தினாள். அவர்கள் பிடித்துக்கொண்டுபோய் ஒரு பகல் உட்காரவைத்து அனுப்பினார்கள். அன்று அவளுக்கு உண்மையாகவே பயம். அதன்பிறகு ஏழாம் சித்தி வீட்டுத் தரையில் ஒரு பெஞ்சைப் போட்டு, அதில் உட்கார்ந்து, மண்மூட்டை கட்டிய மூங்கிலை இழுத்துப் பழகினாள். மாதக்கணக்கில் அப்படி.

தடை முடிந்ததும் பெண்களுக்குத் தனிப் பந்தயம் வேண்டும் என்று விளையாட்டு அலுவலகத்துக்கு நடந்தாள். தேர்வில் கவிழ்ந்த இரண்டு பேரையும் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிப்போனாள். மனு கொடுக்கப்போன இடத்தில், "கவிழ்ந்தவங்களே கேக்கறாங்க, உங்களுக்கு என்ன?" என்றாள். எழுபதில் ஐந்து படகுகளோடு நடந்தது. அவள் முதல். அடுத்த வருடம் ஒன்பது படகு. அவள்தான் முதல். ஆற்றங்கரையில் அன்று கூடிய கூட்டத்தைப் பார்த்து, பழைய படகு க்ளப் பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பது என்று தீர்மானம் போட்டது. கூட்டம் வந்தால் சோடா விற்குமல்லவா.

மார்கரித் எழுபத்திரண்டில் உறுப்பினர் ஆனாள். வேண்டாம் என்றாள் நிஷா. "அவங்க கூப்பிட்டா நீ போவணுமா?"

"அங்கதான்டி ஆத்துக்கு நல்ல படி இருக்கு."

முதல்நாள் தன் கயாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு க்ளப்பின் பெரிய வாசலில் நின்றாள். வாயிற்காவலன் சங்கடத்தோடு வழிமறித்தான். உள்ளிருந்து கர்னல் தாக் வந்தார். பெண் உறுப்பினர்களுக்கு வழி வராந்தாப் பக்கம் என்றார். மார்கரித் வராந்தாவை எட்டிப் பார்த்தாள். தொட்டிச் செடி, பிரம்பு நாற்காலி, நடுவில் ஒரு கூர்மையான திருப்பம்.

"அதுல என் படகு திரும்பாது கர்னல்."

"படகை இங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆட்கள் கொண்டுவருவார்கள்."

"என் படகை நான் யாரிடமும் கொடுப்பதில்லை."

சொல்லிவிட்டு நேராக உள்ளே நடந்தாள். கூடத்தில் ஆண் உறுப்பினர்கள் மதியச் சாப்பாட்டில் இருந்தார்கள். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான படகு. முன்முனை கூடத்தின் நடுவில் வரும்போது பின்முனை இன்னும் வாசலில் இருந்தது. "தலை, தலை," என்று மூன்று மொழியிலும் சொல்லிக்கொண்டே போனாள். ஒருவர் சூப்புக் கிண்ணத்தைக் கையில் தூக்கிக்கொண்டு குனிந்தார். இன்னொருவர் மேசையோடு நகர்ந்தார். ஒரு நீதிபதி எழுந்து நின்று தன் நாற்காலியை ஓரம் போட்டார்.  யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அவளும் சொல்லியிருப்பாள்.

மறுவாரம் வேறு இரண்டு பெண்கள் அதே வழியாக வந்தார்கள், அவர்களிடம் துடுப்பு மட்டும்தான் இருந்தது. சாப்பாட்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளிப்போட்டு நடுவில் வழி விட்டார் கர்னல். வேறு என்ன செய்வார்.

எழுபத்து நாலு வரை மார்கரித் பந்தயத்தில் இருந்தாள். கடைசிப் பந்தயத்தில் தன்னைவிடப் பத்து வயது இளையவளிடம் தோற்று இரண்டாவதாக வந்தாள். முப்பது வயதுக்கு இது போதுமே என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். அவளுக்கு அந்த ஆறுதல் பிடிக்கவில்லை. பாதித் தூரத்தில் எங்கே பிசகினாள் என்பதை நிஷாவிடம் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். நிஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நீர் வற்றத் தொடங்கியிருந்தது. "இரு, பேசறதைவிடக் காட்டிடறேன்," என்று சொல்லிவிட்டு, பதக்கத்தைக் கழற்றி நிஷா மடியில் போட்டுவிட்டு, மறுபடி படகை இறக்கப் போனாள்.